தவணை சொல்லாத மண்

மற்றவர்களுக்கு மரணச் செய்தி வீட்டுக்கு வரும். எனக்கு அலுவலகத்துக்கு வருகிறது. லோசானுக்கு மேற்கே, யூரா மலையடியில் உள்ள ஒரு சிறிய நகரசபையில், மயானத்துக்குப் பொறுப்பான அலுவலராக இருக்கிறேன். ஈமச்சேவை நிறுவனத்தார் காலையில் தொலைபேசியில் அழைத்து, இறந்தவரின் விவரங்களை ஒரு குறித்த ஒழுங்கில் சொல்வார்கள்: முதலில் பெயர், பிறகு பிறந்த இடம், பிறகு அடக்கமா தகனமா என்பது. சென்ற மாதம் அழைத்த பெண் வேலைக்குப் புதியவர். ஒழுங்கை மாற்றிப் பிறந்த இடத்தை முதலில் சொல்லிவிட்டார். தெஹ்ரான். பெயரை அவர் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் நகரசபை எல்லைக்குள் தெஹ்ரானில் பிறந்தவர் ஒருவரே வாழ்ந்தார்.

அடக்கம்தான், வரிசைக் கல்லறை, வேறு விருப்பம் எதுவும் சொல்லப்படவில்லை என்றார் அந்தப் பெண்.

வரிசைக் கல்லறை என்றால், இறந்த ஒழுங்கில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக அடக்குவது. இடத்தைத் தெரிவு செய்ய முடியாது. தவணையை நீடிக்கவும் முடியாது. விதியில் உள்ள காலம் முடிந்ததும் வரிசை முழுவதும் அகற்றப்படும். வசதியுள்ள குடும்பங்கள் அதை விரும்புவதில்லை. பாரசீகத்தின் பிரதமராக இருந்த ஓர் இளவரசரின் மகள் அதைத்தான் கேட்டிருந்தார். ஏன் கேட்டார் என்பதை அறிந்தவன் இப்போது நான் ஒருவனே.

உத்தியோக இரகசியம் காக்கக் கடமைப்பட்டவன் நான். தம் காலத்துக்குப் பிறகு இதை எழுதலாம் என்று அவர் எனக்கு அனுமதி தந்திருந்தார். அந்த அனுமதியின் எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

லோசான் ரயில் நிலையத்துக்கு மேலே, ஏற்றத்தில் இருந்த மருந்துக்கடையை இந்நாட்டுக்கு முதலில் வந்த நம் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதாம் மஹீன் அதன் உரிமையாளர். நம்மவர்கள் வாயில் அவர் ‘மடம்’. வைத்தியசாலைச் சலவைப் பகுதியிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை செய்தவர்கள், பிரெஞ்சு விளங்காமல் மருந்துச் சீட்டோடு அங்கே போய் நிற்பார்கள். சிறிது காலத்தில் அவர் தமக்குத் தேவையான அளவு தமிழைப் பொறுக்கிக்கொண்டார். காய்ச்சல் இருக்கோ. சளி இருக்கோ. நெஞ்சுக்குள்ள நோ இருக்கோ. சாப்பாட்டுக்கு முன்னம், சாப்பாட்டுக்குப் பின்னம். முடிக்கவேணும். அவருடைய தமிழ் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கடைக்குள் அதற்கு மேல் தேவைப்படவில்லை. என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பார். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

கடையின் உட்சுவரில் ஒரு படம் தொங்கியது. கறுப்பு ஆட்டுத்தோல் தொப்பி, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், இரண்டு பக்கமும் இறங்கிய தடித்த மீசை. வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்த சிவராசா அண்ணைக்கு அந்தப் படத்தின் மேல் தீராத கண். ஒருநாள் என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

“உங்கட அப்பாவோ மடம்? பொலிசோ?”

தம் தந்தை ஓர் இளவரசர் என்றும், ஒரு பனிக்காலம் நாட்டின் பிரதமராக இருந்தவர் என்றும் மதாம் மஹீன் சாதாரணமாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சிவராசா அண்ணை என் தோளில் தட்டினார்.

“விடு தம்பி. இஞ்ச வந்தாப் பிறகு எங்கட ஆக்களும் எல்லாரும் ஊரில விதானையார்தானே.”

அவர் என்ன சொன்னார் என்று மதாம் கேட்டார். மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவன் எதையும் விழுங்கக்கூடாது என்பது என் கொள்கை, அப்படியே சொன்னேன். விதானையார் என்றால் ஒரு கிராமத்துக்கு மட்டும் பொறுப்பான அரச அலுவலர் என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். மதாம் கல்லாவில் கையூன்றிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “ஒரே ஒரு கிராமமா? அப்பா அதைக் கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொண்டிருப்பார்” என்றார்.

சிவராசா அண்ணை பல காலம் நம்பவில்லை. பிறகு எவரோ உறுதிப்படுத்தியதும் ஒரு பார்சல் முறுக்கோடு போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள்.

‘முடிக்கவேணும்’ என்பதில் அவர் கண்டிப்பானவர். எத்தனை நாளுக்கு என்று பெட்டியின் மேல் எழுதாமல் ஒரு மருந்தையும் கைமாற விடமாட்டார். நம்மவர்களின் பழக்கம் வேறு. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டால் மிச்சக் குளிசைகள் அலுமாரிக்குப் போகும். ஒருமுறை என் அம்மாவுக்கு மருந்து எடுக்க நான் நின்றபோது சிவராசா அண்ணை அகப்பட்டுக்கொண்டார். போன கிழமை கொடுத்த குளிசைகள் முடிந்தனவா என்று மதாம் கேட்டார்.

“கொஞ்சம் கிடக்குது மடம். இப்போதைக்கு வைச்சிருக்கிறன். ஆரும் ஊருக்குப் போனாக் குடுத்து விடலாமெண்டு.”

“ஊருக்கு வேண்டாம். நீங்க முடிக்கவேணும்.”

அண்ணை தலையாட்டிவிட்டு, “பாத்தியோ, பிரதமரின்ர மகளெல்லே, உத்தரவு போடுறா” என்று என் காதில் சொல்லிக்கொண்டு போய்விட்டார். குளிசை பற்றி அண்ணை சொன்னதில் தமக்கு விளங்காத ஒரு சொல் இருந்தது, அது என்ன என்று மதாம் என்னைக் கேட்டார். ‘இப்போதைக்கு’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். மருந்துப் பெட்டியில் எழுதிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது.

“எங்கள் வீட்டில் எல்லாக் காரியத்தையும் அந்தச் சொல்தான் செய்தது” என்றார். அன்று எனக்கு அதன் பொருள் பிடிபடவில்லை.

காலம் போனது. நான் பொது நிர்வாகம் படித்து, நகரசபையில் சேர்ந்து, மயானப் பொறுப்புக்கு வந்தேன். அவர் கடையை விற்றுவிட்டு எங்கள் எல்லைக்குள் ஒரு சிறிய வீட்டில் குடியேறினார். காரணம் எங்கள் மயானம். பழைய பகுதியில், வடக்குச் சுவரோரம், ஈரம் நிற்கும் தாழ்வில், அவருடைய தந்தை அடக்கப்பட்டிருந்தார். சுற்றிலும் கிடந்த திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் வெதுப்பகக்காரர்களுக்கும் பெரிய கற்கள் இருந்தன. இளவரசருக்கு இருந்தது முழங்கால் உயரக் கல். அதில் பெயர் மட்டும். பட்டம் இல்லை, பதவி இல்லை. ஞாயிறுதோறும் வந்து, கல்லருகே முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுப் போவார். பூச்செடி எதையும் அங்கே அவர் நட்டதில்லை.

ஏன் நடவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். பழைய பகுதியை முழுவதும் அகற்றுவதென்று நகரசபை முடிவெடுத்தது. அறிவித்தல் அரசிதழிலும் மயான வாசற் பலகையிலும் வெளியானது. வாரிசுகள் உரிய காலத்துக்குள் விருப்பத்தைத் தெரிவிக்காவிட்டால் எச்சங்கள் பொது எலும்பறைக்கு மாற்றப்படும் என்பது விதி. ஓர் இலையுதிர்காலக் காலையில் மதாம் மஹீன் ஊன்றுகோலோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வழமையாக நின்றபடியே கதைப்பவர், அன்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்பா அங்கே புதைக்கப்படவில்லை” என்றார். “ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்.”

பாரசீகத்தில் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். தூர இடத்தில் இறப்பவரை அங்கேயே நிரந்தரமாக அடக்காமல், மண்ணிடம் அமானத்தாக, திரும்பப் பெறும் ஒப்படைப்பாக, வைப்பார்கள். நம் தமிழிலும் உள்ள சொல்தான். பிறகு எடுத்துக்கொண்டு போய்ப் புனிதத் தலமொன்றில் அடக்குவார்கள். வைக்கும்போது மண்ணைப் பார்த்துத் தவணை சொல்ல வேண்டும்: இத்தனை மாதத்துக்கு இவரை உன்னிடம் தருகிறோம். சொன்ன தவணை வரை மண் உடலைத் தொடாமல் வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. தவணை முடிந்தால் மண்ணுக்கு உரிமை வந்துவிடும்.

“என் அம்மா தவணை சொல்லவில்லை” என்றார் அவர்.

தந்தையை மண்ணில் வைத்த அன்று மழை. மதாம் மஹீன் அப்போது இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பெண். தாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சடங்கு தெரிந்த ஒரு கம்பள வியாபாரி, எவ்வளவு காலத்துக்கு என்று தாயிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறார். குறுகிய காலத்தைச் சொன்னால் அது பொய்; நீண்ட காலத்தைச் சொன்னால், இனி ஊர் திரும்பப் போவதில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். தாய் இரண்டையும் சொல்லவில்லை. ‘இப்போதைக்கு’ என்றார். வியாபாரி வேறு வழியின்றி அதையே மண்ணிடம் சொன்னார்.

அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே மணியோசை எழுந்தது. மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கும் காலம். கழுத்தில் பெரிய பெரிய மணிகளோடு அவை எங்கள் தெருவால்தான் போகும். பிள்ளைகள் பார்க்க ஓடுவார்கள். மதாம் மஹீன் சன்னலைச் சாத்தும்படி கேட்டார். சாத்தினேன். அதன் பிறகுதான் தந்தையின் வாழ்க்கையைச் சொன்னார்.

அரச குலத்தில் பல பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர் அவர். பால்பல் விழும் முன்பே அவருக்கு ஒரு படைப்பிரிவின் தலைமை எழுதிக் கொடுக்கப்பட்டது; சீருடையை அரண்மனைத் தையற்காரர் மடித்துத் தைத்துக் கொடுத்தாராம். ஐரோப்பாவில் படித்தார். மாகாணங்களை ஆண்டார். முதல் உலகப் போரின்போது அந்நியப் படைகள் நாட்டுக்குள் புகுந்து, ஒரு மந்திரிசபை விழ அடுத்தது எழுந்து அதுவும் விழுந்த காலத்தில், வேறு எவரும் முன்வராததால் அவரைப் பிரதமராகும்படி கேட்டார்கள். இப்போதைக்கு என்றார்கள். இப்போதைக்கு என்று அவரும் ஏற்றார்.

அந்தப் பனிக்காலம் பஞ்சம். தலைநகரின் அரச களஞ்சியத்தில் கொஞ்சம் கோதுமை இருந்தது. திறந்தால் சில வாரங்களில் தீரும். அடுத்த விதைப்புக்கு விதை இராது. திறக்காவிட்டால் சனம் சாகும். அவர் கணக்குத் தெரிந்தவர், கொடியவர் அல்லர் என்று மகள் வற்புறுத்திச் சொன்னார். களஞ்சியக் கதவுக்கு முத்திரை வைக்கும் உத்தரவில் தந்தை கையெழுத்திட்டார். அதிலும் அதே சொல்தான்: இப்போதைக்கு. மறுநாள் முதல் பெண்கள் செப்புச் சட்டிகளைக் கொண்டு வந்து அவருடைய வாசலில் தட்டத் தொடங்கினார்கள். கோஷம் போடவில்லை, வெறும் சட்டிகளைத் தட்டினார்கள். நாளுக்கு நாள் சத்தம் குறைந்தது. குறைந்ததன் காரணம் அவருக்குத் தெரியும். பனி உருகியதும் களஞ்சியத்தைத் திறந்தார்கள். கூரை ஒழுகியிருந்தது. கோதுமை கறுத்து, புளித்து, ஒரு கட்டியாக இறுகிப்போயிருந்தது.

அந்த மாதமே அவர் பதவி இழந்தார். சில ஆண்டுகளில் அவருடைய வம்சமே அரியணையை இழந்தது. முதுமையில், சிகிச்சைக்காக ஒரு கோடைக்கு மட்டும் என்று மனைவியோடும் சிறு மகளோடும் சுவிஸுக்கு வந்தார். வீட்டை ஆண்டு வாடகைக்குத்தான் எடுத்தார். பெட்டிகளை அலுமாரியின் மேல் ஏற்ற விடவில்லை, நடைவழியிலேயே இருந்தன. முதலில் மலைச்சரிவில் ஒரு வீடு. இலையுதிர்காலத்தில் மாடுகள் இறங்கியபோது அவர் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாராம். அதன் பிறகு ஏரிக்கரைக்கு மாறினார்கள். அங்கேயும் ஒவ்வோர் இலையுதிர்காலமும், “சட்டிகள் வருகின்றன, கதவைத் திறவுங்கள்” என்பாராம். வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

 இதையெல்லாம் சொல்லி முடித்த மகள், பிறகு தாம் வந்த காரியத்தைச் சொன்னார். தந்தை எலும்பாகிவிட்டாரா, அப்படியே இருக்கிறாரா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். எலும்பாகியிருந்தால், தாயின் சொல்லை மண் பொருட்படுத்தவில்லை. எல்லாம் என்றோ முடிந்துவிட்டது. அப்படியே இருந்தால், இத்தனை காலமும் ஒருவர் அங்கே கண்ணை மூடாமல் காத்திருக்கிறார், அந்தச் சத்தத்தோடு. தாய் இறந்துவிட்டார். தந்தையை விடுவிக்க வேண்டியவர் மகள் ஒருவரே.

“உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. விதானையார் என்பதைக்கூட நீங்கள் எனக்கு மறைக்கவில்லை. கண்டதை அப்படியே சொல்வீர்கள்.”

நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். கேட்கப்படாத தொழில் விவரத்தைச் சொல்வது பதிலை முன்கூட்டியே சொல்வதாகும். அந்த வடக்குச் சுவரோரம் களிமண். கீழே நீர் நிற்கிறது. அத்தகைய மண்ணில் காற்றுப் போகாது. உடல் அழிவதற்குப் பதிலாக மெழுகுபோல் உறைந்துவிடும். இந்நாட்டு மயான நிர்வாகிகள் எல்லோருக்கும் தெரிந்த, எவரும் வெளியில் கதைக்க விரும்பாத சங்கதி அது.

மாகாண மருத்துவ அதிகாரியின் அனுமதி வந்ததும், மூடுபனி விலகாத ஒரு காலையில் கல்லறை திறக்கப்பட்டது. திறந்த பெட்டியருகே உறவினர் நிற்க விதி இடம் தருவதில்லை. மதாம் மஹீனை வாசலிலுள்ள அறையில் இருத்திவிட்டு, பாதையின் குறுக்கே கயிறு கட்டுவித்துவிட்டுப் போனேன். எலும்புகள் மட்டும் இருந்தால் சிறு பேழைக்கு மாற்றலாம். உடல் உடலாக இருந்தால் தொடக்கூடாது. அதே இடத்தில் மூடி, புதிய தவணை குறிக்க வேண்டும்.

அங்கே நான் கண்டதை விவரிக்க எனக்கு உரிமையில்லை. இவ்வளவு சொல்லலாம். குழி தோண்டிய போர்த்துக்கேயர் மூடியை விலக்கியதும் தம் தொப்பியைக் கழற்றினார். மருந்துக்கடைச் சுவரில் இருந்த படத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். இவர் யார் என்று ஐயப்பட எனக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

நிமிர்ந்தபோது, பாதை வளைவில், கயிற்றுக்கு அப்பால் மதாம் நின்றார். அறையில் இருக்க முடியவில்லை போலும். கயிற்றைத் தொடவுமில்லை. வேலையாட்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் கேட்க முடியாததை, அவர்களில் எவருக்கும் தெரியாத மொழியில் கேட்டார். மருந்துக்கடையில் கேட்கும் அதே குரலில்.

“அப்பா இருக்கோ?”

“ஓம்” என்றேன். “இருக்கிறார்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் அருகே போய், களிமண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றி விளக்கினேன். அது என் கடமை. இடைமறிக்காமல் கேட்டார்.

“அந்த வேதியியலை நானும் படித்தேன்” என்றார். “அது உண்மை. அம்மா சொன்னதை மண் கேட்டுக்கொண்டிருந்ததும் உண்மை. கோதுமையை அப்பா காத்தார், அழுகியது. அவரை எவரும் காக்கவில்லை, அழுகவில்லை.”

பிறகு, விதிப்படி அடுத்து என்ன என்று கேட்டார். மீண்டும் மூட வேண்டும் என்றேன். “தவணையை வாரிசு சொல்ல வேண்டும், மதாம்.”

பலமுறை அச்சிட்ட படிவத்தில் உள்ள சாதாரண வாசகம்தான் அது. மற்றவர்களிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், அந்தக் கம்பள வியாபாரி மழையில் நின்று கேட்ட கேள்வியையே நானும் கேட்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

பெட்டியைத் துணியால் மூடுவித்து, முதல் அடுக்கு மண்ணையும் போடுவித்தேன். பெட்டி மூடப்பட்ட பிறகு உறவினர் வருவதை விதி தடுக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, அவரைக் கைபிடித்துக் குழியருகே கூட்டிச் சென்றேன். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு பிடி களிமண்ணை எடுத்தார். பாரசீகத்தில் ஏதோ சொன்னார், நீளமானதல்ல. கையைத் திறந்தார். ஈரமண் விரல்களில் ஒட்டிக்கொண்டது, உதிரவில்லை. மற்றக் கையால் வழித்துத்தான் போட வேண்டியிருந்தது.

வாசலறையில் தேநீர் குடிக்கும்போது, சொன்னது என்ன என்று எனக்குப் பிரெஞ்சில் சொன்னார். “வைத்திருந்ததற்கு நன்றி. இனி எவரும் கேட்டு வரமாட்டார்கள். எடுத்துக்கொள்.” நகரசபைக்கு, விதியில் உள்ள தவணையே போதும் என்றார். அதை நான் பதிந்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தவர், எதிர்பாராமல் என் தந்தையைப் பற்றிக் கேட்டார். லோசானில் என் தந்தையின் தகனத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தவர் மதாம்.

“உங்கள் அப்பா எங்கே?”

வீட்டில், முன்னறை அலுமாரியில் என்றேன். அஸ்தியை வீட்டில் வைத்திருக்க இந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் சொன்னேன். நாடு கொஞ்சம் சரிவந்ததும் ஊரிலுள்ள கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைப்பதென்பது அம்மாவின் விருப்பம்.

“தவணை சொன்னீர்களா?” என்று கேட்டார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மயானத்துக்கு வருவது நின்றது. ஒருமுறை மட்டும் அலுவலகத்துக்கு வந்து, தமக்கு வரிசைக் கல்லறை போதும் என்று பதிந்துவிட்டுப் போனார். “எல்லோருக்கும் உள்ள காலம் எனக்கும் போதும். நீடிக்க முடியாதென்பதுதான் அதில் நல்லது” என்றார்.

அடக்கத்துக்கு நம்மவர்கள் சிலர் வந்திருந்தார்கள். சிவராசா அண்ணைக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. மகன் காரில் கொண்டுவந்து இறக்கினான். குழி மூடும் வரை நின்றவர், திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்களை முடி முடி எண்டு கலைச்ச மனிசி. தான் மிச்சம் வையாமல் முடிச்சிட்டா.”

அவர் அறியாமல் சொன்னது. நான் திருத்தவுமில்லை, விளக்கவுமில்லை.

மதாம் மஹீனின் வரிசை தென்புறச் சரிவில், மணற்பாங்கான நிலத்தில் இருக்கிறது, நீர் நிற்பதில்லை. அவரைப் பற்றி எனக்கு அச்சமில்லை. வடக்குச் சுவரோரத்தைத்தான் என்னால் முன்போல் கடந்துபோக முடிவதில்லை. அங்கே நான் கண்ட முகம் உறங்கும் முகமா, செவி கொடுத்துக் கிடக்கும் முகமா என்பதை இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. புதிய தவணை முடிந்து அதைத் திறக்கும்போது நான் இந்தப் பதவியில் இருக்கமாட்டேன். திறப்பவர் எதைக் காண்பார் என்பதை அறிய எனக்கு வழியில்லை. இலையுதிர்காலத்தில் மாடுகள் இறங்கும்போது, அவை மாடுகள்தான் என்று அறிவு சொல்கிறது. கை எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிடுகிறது.

மதாம் தந்த பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது நான் பதில் சொல்லாத அந்த ஒரு கேள்வி. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, ஒரு நாள் சொல்லுங்கோ.”

“என்னத்துக்கு?”

“அப்பாவுக்கு.”

அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவசரமில்லை, இப்போதைக்கு இருக்கட்டும் என்று வழமையாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கியவர், என் முகத்தில் எதைக் கண்டாரோ, நிறுத்திக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அலுமாரிக் கதவைத் திறந்தார். இத்தனை ஆண்டுகளில் தூசு துடைப்பதற்கன்றி அவர் அதைத் திறந்து நான் கண்டதில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படியே கூப்பிட்டார்.

“இஞ்சருங்கோ. கீரிமலை இல்லாட்டி இந்த ஏரி. வாற ஆடி அமாவாசை மட்டும் பொறுங்கோ.”

பிறகு கதவைச் சாத்தாமலே திரும்பிப் போனார்.